மடிக்கணினி விழிக்க மறுத்தால்



சென்ற திங்கள் போனக்காட்டுத் தோட்ட லயத்திலுள்ள தமக்கையார் இல்லம் சென்றிருந்தோம். அவர் மகளின் மடிக்கணினி விழிக்கவில்லை. உதவித்தொகைக்குரிய சான்றிதழ்கள் யாவும் அதனுள்ளே. அனைத்தையும் அழித்துப் புதிதாக்க வேண்டுமெனக் கடைக்காரர் கூறினாராம். நாம் இசையவில்லை.

சார்ஜரைக் கழற்றி, தொடக்க விசையை 30 விநாடி அழுத்தினோம். எஞ்சிய மின்சாரம் வடிந்தது. மீண்டும் இணைத்ததும் விளக்கெரிந்தது. ஆயினும் சின்னத்தோடு நின்றது. விண்டோஸ் 10, 11 இரண்டும், தொடர்ந்து இருமுறை தொடக்கம் தவறினால், அடுத்த முறை பழுதுநீக்கும் பகுதியைத் தாமே திறக்கும். அதன் வழியே சேஃப் மோடில் நுழைந்து, சான்றிதழ்களைப் பென் டிரைவில் படியெடுத்தோம். பெண்ணின் முகம் மலர்ந்தது.

பழுதுற்ற சரக்குப் பெட்டியைப் பட்டறைக்கு அனுப்புமுன் சரக்கை இறக்குவது இரயில்வே வழக்கம். கணினிக்கும் அதுவே நெறி: முதலில் சரக்கு, பிறகே பழுது.