திருப்பி அனுப்பப்பட்ட போர்வை

நம் மறைமாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் குடும்பத்தோடு வாழும் சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் இறைவனடி சேர்ந்து ஈராண்டுகள் ஆகின்றன. தாயார் உடுத்திய பருத்திச் சேலைகளில் ஒன்பதைத் தம்மோடு எடுத்துச் சென்ற சகோதரி, அவற்றுள் ஏழினைச் சதுரங்களாக வெட்டி இணைத்து, அந்நாட்டார் ‘குவில்ட்’ என்று வழங்கும் ஒட்டுப் போர்வைக்கான மேல்துணியை ஏழு மாதம் முயன்று தைத்தார். பின்னர் அதனை, ‘லாங் ஆர்ம்’ என்னும் பெரிய தையல் இயந்திரம் வைத்துத் தொழில் நடத்தும் அம்மையார் ஒருவரிடம் ஒப்படைத்தார். பத்து நாள்களில் துணி தைக்கப்படாமலே திரும்பி வந்தது. “ஓரப்பட்டைகள் அலைபாய்கின்றன, இப்படியே தைத்தால் மடிப்பு விழும், சரிசெய்து அனுப்புங்கள்” என்று ஒரு சீட்டு மட்டும் உள்ளே இருந்ததாம். “என் அம்மாவின் சேலைகளை அவர் அவமதித்துவிட்டார். வேறு ஆளைத் தேடட்டுமா?” என்று சகோதரி கேட்கிறார்.

அவருடைய வேதனையை நாம் உணர்கிறோம். தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று அந்த அம்மையாரிடம் கேட்கவும் தோன்றுகிறது. ஆயினும் நியாயம் அவர் பக்கமே இருக்கிறது. அதனை விளக்க, அந்த இயந்திரம் வேலை செய்யும் முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒரு போர்வையாக்குகிறது. முற்காலத்தில் பெண்கள் பலர் ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து கையால் தைத்தனர். வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணி நகரும். லாங் ஆர்மில் இது தலைகீழ். பத்து முதல் பதினான்கு அடி நீளமுள்ள சட்டத்தில் துணி உருளைகளில் சுற்றி விறைப்பாக நிற்கும். இயந்திரத்தின் தலை தண்டவாளம் போன்ற கம்பிகளின்மீது ஓடித் தைக்கும். ஒரு வரிசை முடிந்ததும் உருளையைச் சுழற்றி அடுத்த பகுதியைக் கொண்டுவருவார்கள்.

சட்டத்தில் ஏறியவுடன் துணியின் குற்றம் யாவும் வெளிப்பட்டுவிடும். மேல்துணியின் நடுப்பகுதி 90 அங்குல நீளம், அதன் பக்கத்தில் தைத்த பட்டை 92 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் விரித்துப் பார்க்கும்போது அந்த இரண்டு அங்குலம் கண்ணில் படாது. சட்டத்திலோ, உருளை சுழலச் சுழல அது ஓரிடத்தில் குவிந்து நிற்கும். சிறு தளர்ச்சியை ஆவி இஸ்திரியாலும் விரல் நுனியாலும் அடக்கிவிடுவார்கள். இரண்டு அங்குலத்தை அடக்க இயலாது. ஊசி அதனை மடித்துத் தைத்துவிடும். பிறகு ஆயிரக்கணக்கான தையல்களைப் பிரித்தாலொழிய வழியில்லை. பழஞ்சேலை அதனைத் தாங்குமா?

இந்தக் குற்றம் எப்படி நேர்கிறது? நீளமான பட்டையை விளிம்போடு வைத்துத் தைத்துக்கொண்டே சென்று, எஞ்சியதைக் கடைசியில் வெட்டிவிடுவது பலருடைய பழக்கம். விளிம்பு இழுபடும் இயல்புடையது, பட்டையும் நெகிழும். மேல்துணியை விளிம்பில் அளக்காமல், நடுவிலும் அதன் இருபுறத்திலுமாக மூன்று இடங்களில் அளந்து, சராசரியைக் கணக்கிட்டு, எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டையும் அந்த ஒரே அளவுக்கு வெட்டிக்கொண்ட பிறகுதான் இணைக்க வேண்டும். சதுரங்களின் இணைப்பும் இதே கவனத்தைக் கோருகிறது. கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில், இணைப்புக்கு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு பிசகினாலும், பதினாறு இணைப்புகளில் இரண்டு அங்குலம் தவறிவிடும்.

மற்றவை எளியவை. மேல்துணியை இஸ்திரி போட்டுப் பின்புறம் தொங்கும் நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். வெளிர் நிறத் துணியின் அடியில் கறுப்பு நூல் கிடந்தால் அது மேலே தெரியும். பொத்தான், மணி முதலியவற்றைப் போர்வை முடிந்த பிறகே தைக்கலாம். மூன்று அடுக்குகளையும் தாமே ஒட்டுத்தையல் போட்டு இணைத்து அனுப்புவோர் உண்டு. அது வீண் வேலை. அவற்றைத் தனித்தனியே சட்டத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால், அங்கே அத்தையலைப் பிரிக்கத்தான் செய்வார்கள்.

எஞ்சிய இரண்டு சேலைகளை அடித்துணியாக்க நினைக்கிறாராம் சகோதரி. அழகான எண்ணம். சட்டத்தில் பிடித்துக் கட்டுவதற்காக அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருப்பது வழக்கம். அவருடைய மேல்துணி 80-க்கு 90 அங்குலம். ஆகவே அடித்துணி 88-க்கு 98 தேவை. ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றில் 98 அங்குலத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். ஆனால் கரைகளை வெட்டி நீக்கியபின் இரண்டும் சேர்ந்தாலும் அகலம் போதாது. மூன்றாவது துண்டுக்கு இரண்டாம் சேலையை வெட்ட வேண்டும். கரையை நீக்க மனம் வராதுதான். எனினும் நெருக்கமாக நெய்த கரை, மற்றத் துணியைப்போல் நெகிழாமல் இணைப்பைச் சுருக்கி இழுக்கும். வெட்டுமுன் சேலையைத் துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பதும், நைந்த இடம் இருந்தால் தொழில் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நலம்.

கூலியைப் பற்றியும் சகோதரி குறைப்பட்டிருக்கிறார். அங்கே சதுர அங்குலக் கணக்கில் கூலி பெறுவதே பெருவழக்கு. 80-க்கு 90 என்றால் 7,200 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 2 சென்ட் என்று கொண்டால் 144 டாலர். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கோலம் திரும்பத் திரும்ப ஓடுவதற்கான மலிவான முறை இது; சதுரத்துக்குச் சதுரம் வேறு கோலம் வேண்டினால் கூலி பன்மடங்காகும். பல வண்ணச் சேலைகள் கலந்த இப்போர்வைக்கு முதல் முறையே போதும் என்பது நம் கருத்து. தையற்கோலம் சேலைப் பூக்களோடு போட்டியிட வேண்டியதில்லை.

“பிறர் இயந்திரத்தில் தைத்தால் அது என் போர்வையாகுமா?” என்றும் அவர் கேட்டிருக்கிறார். இவ்வழக்கு அந்நாட்டிலும் நெடுங்காலம் நடந்ததுதான். 1989-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் நடந்த பெரும் போட்டியில், கரோல் பிரையர் ஃபாலர்ட் என்பார் இயந்திரத்தால் தைத்த போர்வை தலையாய பரிசு பெற்றபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இன்று யாரும் அதனை வியப்பதில்லை. பிறர் கை பட்டதை மறைக்க வேண்டியதுமில்லை. போர்வையின் பின்புற மூலையில் சிறு துணிச்சீட்டுத் தைத்து, அதில் பெயரும் ஆண்டும் எழுதும் வழக்கம் அங்கே உண்டு. அதில் தாயாரின் பெயரையும், தம் பெயரையும், அந்த அம்மையாரின் பெயரையும் சகோதரி எழுதலாம்.

ஆகவே வேறு ஆளைத் தேட வேண்டாம். ஓரப்பட்டைகளைப் பிரியுங்கள்; விளிம்பை இழுக்காமல், நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே செல்லுங்கள். புதிய சேலை எதனையும் வெட்ட வேண்டியதில்லை. பட்டைகள் நீண்டுவிட்டதுதானே குற்றம்? அவற்றையே அளந்து குறைத்தால் போதும். வெட்டி எடுத்த அந்த இரண்டு அங்குலத் துண்டு பெயர்ச்சீட்டுக்கு ஆகும்.