வித்தா எவ்வளவு கிடைக்கும்?

ஊருக்கு வரும் டவுன் நண்பர்கள் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். ஓலை விசிறி பின்னிக்கொண்டிருந்தால், "இதை ஆன்லைன்ல போட்டா நல்லா போகுமே" என்கிறார்கள். மாட்டுக்குக் கழுத்துக்கயிறு முறுக்கினால், "ஒண்ணு எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது என்னன்னு சொல்ல ஒரு மாட்டுக்கொம்புக் கதை வேணும். நம்ம ஊர்க் கதை இல்லை, அமெரிக்கக் கதை.

1700-களில் அங்கே துப்பாக்கி என்றால், குழாயின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் போட்டு இடித்துச் சுடுவதுதான். அந்தக் கருமருந்தை எதில் எடுத்துப் போவது? துணிப்பை நனைந்துவிடும், இரும்பு உரசினால் பொறி பறக்கும், கண்ணாடி உடைந்துவிடும். மாட்டுக்கொம்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தண்ணி இறங்காது, பொறி வராது, கனமும் கம்மி. அதனால் கொம்பையே டப்பாவாக்கி வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டார்கள். பவுடர் ஹார்ன் என்று பேர். நாம மருந்துக்கொம்புன்னு வச்சுக்கலாம்.

செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. மாடு வளர்க்கிறவனுக்குத் தெரியும், கொம்புக்கு உள்ளே எலும்பு இருக்கும். மேலே இருப்பது நம்ம நகம் மாதிரியான பொருள்தான். ஊறவைத்தோ வேகவைத்தோ எலும்பைக் கழற்ற வேண்டும். நுனி மட்டும் கெட்டியாக இருக்கும், அதில் துளை போட்டு ஒரு அடைப்பான். அகலமான அடிப்பக்கத்தைக் கொதிநீரில் வைத்தால் இளகும். சூடு ஆறுவதற்குள் கூம்புக் கட்டையைத் திணித்தால் வட்டமாக நின்றுகொள்ளும். பிறகு அதற்கு ஒரு மரமூடி பொருத்தி, காற்றுப் புகாமல் தேன்மெழுகு வைத்து அடைக்க வேண்டும். மேல்தோலைக் கத்தியாலும் கண்ணாடிச் சில்லாலும் சுரண்டுவார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மருந்தின் மட்டம் தெரிகிற அளவுக்கு மெலிதாக்குகிறவர்களும் உண்டு. சுரண்டும்போது முடி கருகின மாதிரி ஒரு வாடை வரும். அரம் போட்டுக் கொம்பு சீவினவர்களுக்கு அந்த வாடை பழக்கம்தான்.

அதற்கப்புறம்தான் அலங்காரம். 1754 முதல் 1763 வரை அங்கே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். ஹட்சன், மோஹாக் ஆற்றுப் பக்கத்துக் கோட்டைகளில் விவசாய வீட்டுப் பையன்கள் மாசக்கணக்கில் காவல் கிடந்தார்கள். பொழுது போகாமல் கத்திமுனையால் கொம்பில் கீறினார்கள். தன் பேர், வருஷம், நிற்கிற கோட்டை. சில கொம்புகளில் ஆறு, கோட்டை, வழியில் வரும் ஊர் என்று முழு வரைபடமே இருக்கும். மான், மீன், கப்பல், கடல்கன்னியும் உண்டு. கீறலில் கரியைத் தேய்த்தால் கோடு கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். பணம் வாங்கிக்கொண்டு செதுக்கிக் கொடுத்த தேர்ந்த கைகளும் இருந்தன. ஆனால் எனக்குப் பிடித்தது எழுத்துப்பிழையோடு, கோணலாகத் தன் பேரைத் தானே கீறின கொம்புகள்தான்.

19-ஆம் நூற்றாண்டில் உலோகத் தோட்டா வந்ததும் மருந்துக்கொம்புக்கு வேலை போய்விட்டது. நியூயார்க் மாநிலத்தில் கானஜோஹரி என்ற ஊரில் ரூஃபஸ் கிரைடர் என்று ஓர் ஓவிய ஆசிரியர். பழைய கொம்புகளைத் தேடித்தேடி நூற்றுக்கணக்கில் படமாக வரைந்து வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த நாட்டில் ஏராளமானவர்கள் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பழைய முறைப்படியே கொம்பு சுரண்டுகிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் கற்றுக்கொடுக்க 'ஹானரபிள் கம்பெனி ஆஃப் ஹார்னர்ஸ்' என்று ஒரு சங்கம்கூட வைத்திருக்கிறார்கள். விற்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லேன்னு சொல்லலை. ஆனால் நிறையப் பேருக்கு இது ஆசைக்குச் செய்கிற வேலை.

இதோடு லண்டனைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே கொம்புத் தொழிலாளர் சங்கம் நடுக்காலத்திலிருந்தே இருக்கிறது. சீப்பு, விளக்குத் தகடு, கரண்டி என்று எல்லாம் கொம்பில் செய்த காலம் அது. கொம்பு வியாபாரம் படுத்ததும் அந்தச் சங்கம் பிளாஸ்டிக் தொழிலோடு சேர்ந்துகொண்டது. வியாபாரக் கணக்குப்படி அது சரியான முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தை கொம்பை விட்டுப் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது, லாபம் பார்க்காத பொழுதுபோக்கு கொம்போடேயே நின்றுவிட்டது. எனக்கு உறைத்தது இதுதான்.

ஒரு கொம்புக்கு நாலு நாள் வேலை என்று வையுங்கள். நாலு நாள் கூலியைப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். உடனே "கட்டுப்படி ஆகாது, விட்டுடு" என்போம், இல்லாட்டி மெஷின்ல அடிப்போம். ரெண்டிலுமே கை மறந்துபோகும். கைத்தொழிலை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நியாயமான விலை கொடுங்க, அவர்களிடம் பேரம் பேசாதீங்க. அது வேற. நான் சொல்வது, வேலை ஒழிந்த நேரத்தில் ஆசைக்குச் செய்வதை. அதுக்கு விலைச்சீட்டு ஒட்டாதீங்க.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி, வண்ணம் அடிச்சு, பித்தளைக் குப்பி மாட்டுகிறோம். ஒரு வாரத்தில் மாடு அதை மரத்தில் தேய்த்துத் துடைத்துவிடும். என்ன லாபம்னு யாரும் கேட்டதில்லை. இப்போ கலப்பினக் கன்னுகளுக்குக் குருத்திலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறோம். நானும்தான். சின்னக் கொட்டகையில் நாலு மாடு முட்டாமல் நிற்கணுமே! ஆனால் இப்படியே போனால் கொம்பு சீவத் தெரிந்த கையும் இல்லை, சீவக் கொம்பும் இல்லை என்றாகும்.

எங்க திண்ணையில் ஒரு ஜோடி கொம்பு கிடந்தது. எட்டு வருஷம் ஏர் இழுத்த காளையோடது. போன மாசியில் செத்துப்போச்சு. பையன் இந்த அமெரிக்கக் கொம்புகளின் படத்தைப் பார்த்துட்டு, நாமும் செய்யலாம்னு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கொம்புத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. துளை போடும்போது ஒண்ணு நுனியில் விரிந்துவிட்டது. "பரவால்ல சாமி, இன்னொண்ணு இருக்கு" என்றேன். அந்த இன்னொன்றை இப்போது நான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அதில் காளையின் பேரும் வருஷமும் கீறப்போகிறேன். துப்பாக்கி மருந்து போட அவசியமில்லை, விதை போட்டு வைக்கலாம்.

அடுத்த தடவை வரும்போது எடுத்துக் காட்டுகிறேன். விலை மட்டும் கேட்காதீங்க.