ஈயம் பற்றவைக்கிற கை

20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய் என்று மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் விதியைத் திருத்தியது. அதைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வாரம் அதற்காகத்தான் உட்கார்ந்தேன். 50 ஆண்டு தாண்டிய கார் ‘விண்டேஜ்’ ஆகிவிடும். 2021-ல் வந்த விதிப்படி அதற்குத் தனி எண் வரிசையே உண்டு, ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. எங்கள் மார்க் 4 அம்பாசிடர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவைக் கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போக வீட்டில் இருக்கும் ஒரே வண்டி அதுதான்.

ஆனால் கட்டணத்தைப் பற்றி எழுதவிடாமல், அந்த வண்டியே இந்த வாரம் ஓமந்தூரை நெருங்கும்போது கொதித்துவிட்டது. முதலில் காட்டிய இடத்தில், பானெட்டைத் திறந்த வேகத்தில், “ரேடியேட்டர் போச்சு சார், பழசை இங்கயே போட்டுட்டுப் புதுசு மாட்டிக்குங்க” என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஹோஸைத் தொட்டுப் பார்க்கவில்லை, மூடியின் ரப்பரைப் பார்க்கவில்லை, ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. அந்த மூடி சும்மா மூடுவதற்காக இல்லை. உள்ளே ஏறும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயர்கிறது. ரப்பர் வெடித்துவிட்டால் நல்ல ரேடியேட்டரும் கொதிக்கத்தான் செய்யும். கையில் காசு குறைவாக உள்ளவன் விலை குறைந்த பாகத்திலிருந்துதான் சோதிக்கத் தொடங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றக் கூடாது என்ற என் நிலை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இருந்தும் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் அதே இடத்தில் மறுபடியும், “வால்வைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஆகாது” என்று ஒருவர் சொன்னார். தெர்மோஸ்டாட் வால்வு சுமார் 80 டிகிரியில் திறப்பது. அதுவரை தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு, எஞ்சினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருகிறது. அதைப் பிடுங்கினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சேறாகும், பிஸ்டன் ரிங் தேயும். வால்வு நல்லதா கெட்டதா என்று அறிய ஒரு பைசா செலவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் மாற்றுங்கள். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் நம் ஊரில் எத்தனை எஞ்சின்களை வீணாக்கியிருக்கிறோம்!

எங்கள் வண்டியில் ஹோஸ், மூடி, பெல்ட், வால்வு எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் குற்றவாளி ரேடியேட்டரேதான். திண்டிவனத்தில் பழைய ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். இப்போதைய கார்களில் அலுமினிய கோர், அதன் மேல் பிளாஸ்டிக் டேங்க். வெடித்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அம்பாசிடருடையது பித்தளையும் செம்பும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றில் நிற்பது. சூடு காட்டினால் பிரியும், மறுபடி பற்றவைத்தால் சேரும். அதனால்தான் இத்தனை வருடமாக அது சாகாமல் இருக்கிறது.

பாய் அதை இறக்கி, மேல் டேங்கைத் தீக்காட்டிக் கழற்றினார். குழாய்களின் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. “போர் தண்ணியா சார் ஊத்தறீங்க? மஞ்சத்தூள் வேற போட்டிருக்காங்க” என்றார். ஒழுகலை அடைக்க டிரைவர்கள் போடும் மஞ்சள்தூள், ஓட்டையை மட்டுமா அடைக்கும்? குழாய் குழாயாக ராடு விட்டுக் குத்தினார். பிழைக்காது என்று தெரிந்த இரண்டு குழாய்களின் இரு முனைகளையும் ஈயத்தால் அடைத்தார். டேங்கை வைத்துப் பற்றவைத்து, தொட்டியில் முக்கி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அவர் வாங்கிய கூலி, புது ரேடியேட்டர் விலையில் ஒரு சிறு பங்கு.

அந்தக் கூலியைக் கொடுக்கும்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் சாம்பல் நிறம். அதே கையோடு டீ கிளாஸை எடுத்தார். கடைக்குள் புகைபோக்கி கிடையாது, ஒரு ஃபேன் புகையை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆனால் கேஸ் டார்ச்சின் தீ அதைப் போல் பல மடங்கு சூடு. அதில் ஈயம் ஆவியாகும். பழைய பற்றைக் கம்பி பிரஷால் தேய்க்கும்போது எழும் தூசி அதற்குச் சளைத்ததல்ல. மூச்சில் போகும், விரலிலிருந்து வாய்க்குப் போகும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகும். ரத்தசோகை, வயிற்றுவலி, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று மெதுவாகக் காட்டும். பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இந்த அளவு வரை ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாயின் பேரன் பள்ளி விட்டால் அந்தக் கடைத் தரையில்தான் விளையாடுகிறான்.

2000-ல் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தோம். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சைத்தான் முதலாவதாக வைத்தது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்றது. பாயும் ஒரு பையனும் உள்ள கடை அதில் வரவே இல்லை. நான் மிச்சம் பிடித்த பணம் எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு யோசித்தேன், நல்ல தூக்கம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிதில்லை. புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று, தேய்க்கும் முன் ஈரப்படுத்துதல், டீக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுதல், வேலைச் சட்டையைக் கடையிலேயே மாற்றிவிட்டுப் போதல். பாயிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஃபேனை என் செலவில் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க நானோ அவரோ போதாது. ஓட்டுநர்களுக்கும் வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. ரேடியேட்டர், பேட்டரி வேலை செய்பவர்களுக்கு வருடம் ஒருமுறை இந்த ரத்தப் பரிசோதனையை வாரியம் இலவசமாகச் செய்து தர வேண்டும், வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து. முதல் முகாமைத் திண்டிவனத்தில் நடத்தக் கேட்டு மனு எழுதிவிட்டேன். அடுத்த வாரம் விழுப்புரத்தில் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அதற்குள் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள்.