வாரண்டி முடிந்த பிறகு கார் பழுதானால் உங்களுக்கு என்ன உரிமை?

பீடோங் பக்கம் தோட்டத்தில் வீடு, சுங்கை பட்டாணியில் வேலை. நடுவில் பஸ்ஸை நம்ப முடியாது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு கார் ஆடம்பரம் இல்லை. ஆறாவது வருஷத்தில் கியர்பாக்ஸ் போய், "ஆறாயிரம் வெள்ளி ஆகும்" என்று போர்மன் சொன்னால்? மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தில் அது மூன்றரை மாதச் சம்பளம்.

சிக்கல் காரை வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. பெரோடுவாவின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரைதான். கார் கடனோ 9 ஆண்டு வரை போகும். ஆக, கடைசி நான்கு ஆண்டுகள் தவணையும் கட்ட வேண்டும், பழுதுச் செலவும் நம் தலையில்தான். தினமும் பினாங்குக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டினால் நான்கே ஆண்டில் அந்த 150,000 முடிந்துவிடும்.

வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாரண்டி என்பது நிறுவனம் தரும் வாக்குறுதி. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. பொருள் ஏற்கத்தக்க தரத்தில், நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்கிறது அது. விலை, பொருளின் தன்மை எல்லாம் கணக்கில் வரும். எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் இந்த உரிமை பறிபோகாது. 2011இல் புஞ்சாக் நியாகா நிறுவனம் தொடுத்த வழக்கில், அடிக்கடி ஸ்டார்ட் ஆகாமல் போன ஒரு மெர்சிடிஸ் காரை நிராகரிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே சட்டத்தின்கீழ் தீர்ப்பளித்தது.

அதற்காக தேய்ந்த பிரேக் பேடுக்கும் பழைய பேட்டரிக்கும் பணம் கேட்க முடியாது. சாதாரண தேய்மானமா, ஆரம்பத்திலிருந்தே இருந்த குறையா என்பதுதான் கேள்வி. சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு வருஷம் காலியாக இருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். பக்கத்து லயத்துக்காரரிடம் வாங்கிய பழைய காருக்கு இந்தச் சட்டம் உதவாது. வியாபாரமாக விற்பவர்களைத்தான் அது கட்டுப்படுத்தும்.

பணம் கட்டுவதற்கு முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் மாடலுக்கு ரீகால் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 2016இல் புரோட்டோன் தன் டர்போ என்ஜின் கார்களின் ஆயில் கூலர் ஹோஸை மாற்ற ரீகால் அறிவித்தது. அப்போது அதைக் கேட்காமல் வெளியில் மாற்றியிருந்தால் சொந்தக் காசுதான் போயிருக்கும். வாரண்டி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தால், செலவில் ஒரு பங்கை ஏற்கும்படி தயாரிப்பாளருக்கு எழுத்தில் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கேட்பதற்குக் காசு செலவாகாது.

வெளி வொர்க்‌ஷாப்பில் செய்வதானால், வேலை தொடங்கும் முன்பே செலவு மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். 2002ஆம் ஆண்டு வொர்க்‌ஷாப் தகவல் வெளியீட்டு விதிமுறைகள் இதற்காகவே வந்தவை. போடப்போவது புதுசா, ரீகண்டிஷனா, ஹாஃப்கட்டா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊரில் போர்மன் தெரிந்தவராக இருப்பார், எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் விட்டுவிட்டு வராதீர்கள், அதுதான் சாட்சி.

பேச்சுவார்த்தை சரிப்படவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்திலும் பதியலாம். தீர்ப்புக்குப் பிறகு 14 நாட்களுக்குள் எதிர்த்தரப்பு அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். ஆனால் கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். அந்த நாள் எது என்பதிலேயே விற்றவர் தரப்பு வாதாடலாம். எனவே பழுது தெரிந்த வாரத்திலேயே புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.