சாய்தளம் கட்டியாச்சு, அப்புறம்?

செமஸ்டர் தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்ட அம்மா, பரணில் இருந்த பழைய புத்தகங்களை எடைக்குப் போடச் சொன்னார். அந்தக் குவியலில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் நோட்டு ஒன்று கிடைத்தது. என்னுடைய கையெழுத்துதான், ஆனால் என்னுடைய நோட்டு இல்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரி மட்டும், பெரிய பெரிய எழுத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனுக்காக நான் எழுதியது. மொத்தம் 12 பக்கம். அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைத்தாள்.

அந்த வெள்ளைத்தாளைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

அவனுக்குக் குறைப்பார்வை. முழுக்கத் தெரியாது என்று இல்லை. புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் படிப்பான். கரும்பலகை என்பது அவனுக்கு வெறும் கறுப்பு. எங்கள் கணக்குப்பதிவியல் சார் அருமையாக நடத்துவார், இன்றைக்கும் நான் பி.காம். படிப்பதற்கு அவர்தான் காரணம். ஆனால் அவர் நடத்தும் விதம் இப்படி இருக்கும்: "இந்தத் தொகை இங்கே வரும். இதை எடுத்து அங்கே போட்டா டேலி ஆயிடும். பார்த்தீங்களா?"

நாங்கள் பார்த்தோம். அவன் என்னிடம் கேட்பான், "எங்கேடா? பற்றுப் பக்கமா, வரவுப் பக்கமா?" நான் கிசுகிசுப்பேன். "அங்கே என்னடா பேச்சு?" என்று சாக்பீஸ் என் மேல் வந்து விழும். ரெண்டு மாசம் இப்படியே போனது. ஒருநாள் இறுதிக் கணக்குகள் நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கே ஒன்றும் புரியவில்லை. அந்த எரிச்சலில், "சும்மா இர்றா, எனக்கே புரியலை" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நோட்டும் நின்றுபோனது.

சரி, இது என் தப்பு. ஆனால் ஒரு மாணவனின் படிப்பு பக்கத்து பெஞ்சுக்காரனின் பொறுமையை நம்பி இருக்கலாமா? என் கேள்வி அதுதான்.

அதே வருடம் எங்கள் பள்ளியில் சாய்தளம் கட்டினார்கள். கைப்பிடி வைத்து, சக்கர நாற்காலி படம் எல்லாம் வரைந்து, போட்டோவும் எடுத்தார்கள். சாய்தளம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாமல் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உள்ளேயே வர முடியாது. ஆனால் சாய்தளம் ஏறி உள்ளே வந்த பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

காமர்ஸ் படிப்பதால் எனக்கு எல்லாம் கணக்காகத்தான் தோன்றும் :) செலவில் ரெண்டு வகை உண்டு. கட்டடம், மேசை போல ஒருதடவை செய்து பல வருடம் பயன் தருவது மூலதனச் செலவு. சம்பளம், பராமரிப்பு போல மாதாமாதம் செய்துகொண்டே இருக்கவேண்டியது வருவாயினச் செலவு. மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்தில் நாம் முதல் வகையைச் செய்துவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறோம். அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவதோ இரண்டாவது வகை. தினமும் செய்யவேண்டியது, ஆள் வைத்துச் செய்யவேண்டியது, கண்ணுக்குத் தெரியாதது.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்று பார்த்தால், அவ்வளவாக இல்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஆனால் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அதுவும் அருகில் உள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, அவர்கள் விரும்பும் இடத்தில். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016-ல் அது 21 ஆனது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதற்குள் வந்தன. 2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர்.

நடைமுறை என்ன? தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு, பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தவர் வாரத்தில் ஒருநாள் வருவார். நல்ல மனிதர். ஆனால் அவர் வரும் நாளில் கணக்குப்பதிவியல் வகுப்பே இருக்காது! அவருக்கும் எங்கள் சாருக்கும் பேச்சுவார்த்தை நடந்து நான் பார்த்ததில்லை.

உயர்நிலைப் பள்ளிக்கே உரிய சிக்கல் இங்கேதான். ஒன்றாம் வகுப்பில் நாள் முழுக்க ஒரே டீச்சர். எந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது, எது எழுத்தைத் திருப்பிப் போடும் என்று அவருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தால் பாடத்துக்கு ஒருவர், மணி அடித்தால் அடுத்தவர். ஆறு ஆசிரியர்கள் வந்துபோவார்கள், ஒருவருக்கும் அந்தப் பிள்ளை 'என் பொறுப்பு' கிடையாது. 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். அந்தப் பையன் சின்னப் பையன், அவனைக் கண்டுபிடிக்க ஒரு ஆசிரியர் வந்தார். அதே பையன் யாரும் கண்டுபிடிக்காமல் பத்தாம் வகுப்புக்கு வந்தால்? 'சோம்பேறி', 'மண்டையில ஏறாது' என்ற ரெண்டு பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

"ஒரு வகுப்பில் 60 பேர், ஆசிரியர் பாவம், என்னதான் செய்வார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பதில் பாதிக்குப் பைசா செலவில்லை.

கரும்பலகையில் எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதலாம். "இங்கே, அங்கே" என்பதற்குப் பதில் "வரவுப் பக்கம், 5,000 ரூபாய்" என்றால் போதும். காது சரியாகக் கேட்காத பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும், அதனால் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசலாம். நடக்கச் சிரமப்படும் மாணவி இருந்தால், அந்த வகுப்பையே மாடியிலிருந்து கீழே மாற்றலாம். லிஃப்ட் தேவையில்லை, டைம்டேபிளில் ஒரு மாற்றம் போதும். ஆறு ஆசிரியர்களில் ஒருவர் 'இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு' என்று பெயர் கொடுக்கலாம். சிறப்புப் பயிற்றுநர் அவரிடம் பேசுவார், அவர் மற்ற ஐந்து பேரிடம் பேசுவார்.

மீதிப் பாதிக்குச் செலவு உண்டு. சிறப்புப் பயிற்றுநர்களுக்கு நிரந்தர வேலை, உள்ளே போய்த் திரும்பி வரும் அளவுக்கு அகலமான கழிப்பறை, பெரிய எழுத்துப் புத்தகம். கழிப்பறைக்குப் போக முடியாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அவள் கவனம் பாடத்தில் இருக்குமா?

"மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சார் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சில் இருந்த எங்களுக்கும் புரிந்திருக்கும். அன்றைக்கு எனக்கே புரியவில்லை என்றேனே, அதற்கும் அந்த 'இங்கே, அங்கே'தான் காரணம்.

"சிறப்புப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே" என்பவர்களும் உண்டு. சைகை மொழியில் படிக்கும் பிள்ளைகளைப் போல சிலருக்கு அதுவே நல்லதாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுப்பதாக இருக்கவேண்டும், இங்கே சமாளிக்க முடியாமல் தள்ளிவிடுவதாக இருக்கக்கூடாது.

தேர்வு விஷயத்துக்கு வருவோம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. 'சலுகை' என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் என்ற அளவுக்குள் வராதவருக்கும் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றவர்களோடு சமமாக நிற்க வைப்பதுதான் இது, முந்த விடுவது அல்ல.

ஆனால் அந்த உரிமையையும் கடைசி நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? என் நண்பனுக்குச் சொல்வதை எழுதுபவர் வந்தது பொதுத்தேர்வு அன்றுதான். அதற்கு முன் ஒரு காலாண்டு, அரையாண்டில்கூட அவன் அப்படி எழுதிப் பழகியதில்லை. கணக்குப்பதிவியல் தாளில் கோடு எங்கே போடவேண்டும், தொகையை எந்தக் கட்டத்தில் எழுதவேண்டும் என்று அந்தப் பாடமே தெரியாத ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், தெரியும். இரண்டு வருடம் "இங்கே, அங்கே" என்று கேட்டுவந்தவன், அன்றைக்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லவேண்டியிருந்தது. பாஸ் செய்துவிட்டான், மதிப்பெண் குறைவு.

நோட்டு கிடைத்த அன்று அவனுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் பி.ஏ. வரலாறு படிக்கிறான். மொபைலே எல்லாவற்றையும் படித்துக்காட்டுகிறதாம், ஜாலியாக இருக்கிறான். "வரலாறு பிடிச்சிருக்கா?" என்றேன். "பரவாயில்லைடா. எனக்கு அக்கவுண்ட்ஸ்தான் பிடிச்சிருந்தது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதற்கு மேல் அந்தப் பேச்சைத் தொடர எனக்குத் தைரியம் வரவில்லை.

நோட்டை எடைக்குப் போடவில்லை. என்னோடு படிப்பவர்களில் பலர் பி.எட். முடித்து ஆசிரியர் ஆகப்போகிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பலகையில் எழுதும்போது வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். வகுப்பில் யாருக்கு அது தேவை என்று உங்களுக்குத் தெரியாமலேகூட இருக்கலாம்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? நேரம் இருந்தால் எழுதுங்கள்.