குறுக்கே நின்ற மனிதர்

விமானப்படை வீரர் என்றதும் நம் மனதில் எழுவது ஒரு விமானியின் படம். தோல் கோட்டு, கண்ணாடி, மேகங்களுக்கு நடுவே சண்டை. ஆனால் 1942ல் ஜாவாவில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் விமானப்படையினரில் பெரும்பாலோர் விமானத்தை ஓட்டியவர்கள் அல்ல. மெக்கானிக்குகள், வயர்லெஸ்காரர்கள், சமையல்காரர்கள், லாரி டிரைவர்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தப்பியவர்கள் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் ஓடினார்கள். மார்ச் மாதம் ஜாவாவும் சரணடைந்தது. அதற்கப்பால் ஓட இடமில்லை.

அவர்களில் ஒருவர் பில் கிரிஃபித்ஸ். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்துக்காரர். லாரி ஓட்டத் தெரிந்தவர் என்பதால் விமானப்படையிலும் அதே வேலை. பிடிபட்ட சில நாட்களிலேயே ஜப்பானியச் சிப்பாய்கள் அவரை ஒரு வெடிமருந்துக் குவியலுக்கு அழைத்துச் சென்று, அதை மூடியிருந்த மறைப்பு வலையை அகற்றச் சொன்னார்கள். உள்ளே கண்ணிவெடி இருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடியதுதான். அதனால்தான் கைதியின் கை தேவைப்பட்டது. துப்பாக்கி முனையில் மறுக்க முடியாது. வலையை இழுத்தார். வெடித்தது. இரண்டு கைகளும் போயின. இரண்டு கண்களும் போயின. கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம்.

பாண்டுங் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேசநாட்டுப் படைகளின் மருத்துவமனை இயங்கிக் கொண்டிருந்தது. அதன் தலைவர் ஆஸ்திரேலிய அறுவை சிகிச்சை நிபுணர் எட்வர்ட் டன்லப். நண்பர்கள் அவரை 'வியரி', அதாவது களைத்தவர் என்று அழைப்பார்கள். டன்லப் என்றால் டயர்; ஆங்கிலத்தில் அதே ஒலிக்குக் களைப்பு என்றும் பொருள் உண்டு என்பதால் கல்லூரி நாட்களில் ஒட்டிக்கொண்ட கேலிப் பெயர் அது. ஆறடிக்கு மேல் உயரம், ஆஸ்திரேலியாவுக்காக ரக்பி ஆடியவர். களைப்புக்கும் அவருக்கும் வெகு தூரம்.

கிரிஃபித்ஸை மேஜையில் கிடத்தியபோது, இந்த உடலைப் பிழைக்க வைப்பது கருணையா கொடுமையா என்று எந்த மருத்துவரும் ஒரு கணம் தயங்கியிருப்பார். டன்லப் குழுவினர் அறுவை சிகிச்சை செய்தார்கள். கிரிஃபித்ஸ் பிழைத்தார்.

ஏப்ரலில் ஜப்பானிய அதிகாரிகள் மருத்துவமனையைக் கலைக்க உத்தரவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் கைதி முகாமுக்கு நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள்? கையும் கண்ணும் இல்லாத கிரிஃபித்ஸின் படுக்கையை நோக்கித் துப்பாக்கி ஈட்டிகள் நீண்டன. டன்லப் நகர்ந்து ஈட்டிகளுக்கும் படுக்கைக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவரைக் குத்திவிட்டுத்தான் நோயாளியைக் குத்த முடியும். ஈட்டிகள் பின்வாங்கின.

இந்தக் கொடூரத்துக்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. 1941 ஜனவரியில் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கிய நடத்தை நூல், உயிரோடு பிடிபடுவதை அவமானம் என்றது. தன் வீரனுக்கே அந்த மரியாதையைத் தராத ராணுவம் எதிரிக் கைதிக்கு எதைத் தரும்? போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டது. ஆனால் உறுதி செய்து ஏற்கவில்லை. போருக்குப் பின் டோக்கியோ விசாரணை மன்றம் கணக்கெடுத்தது. ஜெர்மனி, இத்தாலியின் பிடியிலிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் தரப்புக் கைதிகளில் இறந்தவர்கள் 4 சதவிகிதம். ஜப்பானின் பிடியில் 27 சதவிகிதம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே கணைக்கால் இரும்பொறை நினைவுக்கு வருவான். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரன். தண்ணீர் கேட்டான், உடனே தரவில்லை. பிறகு கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல் இறந்தான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பு. மானம் என்றால் இதுதான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். கைதியாக வாழ்வதைவிடச் சாவது மேல் என்ற எண்ணம் ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல.

கிரிஃபித்ஸ் மூன்றரை ஆண்டுகள் ஜாவாவின் முகாம்களில் இருந்தார். சோறு, தண்ணீர், குளியல், கழிப்பிடம் எல்லாம் பிறர் கையால். அந்தப் பிறரும் அரைப்பட்டினிக்காரர்கள்; நாளைக்குத் தாங்களே இருப்போமா என்று தெரியாதவர்கள். இரும்பொறையிடம் இருந்தது மானம் என்றால், தினமும் இன்னொருவர் வாயருகில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து உயிரோடு இருந்த இவரிடம் இருந்ததற்கு என்ன பெயர்? கொடுத்தவர்களிடம் இருந்ததற்கு என்ன பெயர்? நம் இலக்கியம் முதலாமவனைப் பாடியிருக்கிறது. மற்றவர்களையும் பாடியிருக்கலாம்.

டன்லப் 1943 ஜனவரியில் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பர்மாவையும் சயாமையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதை வேலை. அங்கே வேலைக்கு வர முடியாதவனுக்கு உணவு குறைப்பு. தினமும் காலையில், இன்று இத்தனை பேர் வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்பார்கள். இவர்களால் நிற்கக்கூட முடியாது என்று மருத்துவர்கள் மன்றாடுவார்கள், அடி வாங்குவார்கள். அதிகாரிகளுக்குக் கிடைத்த சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொது நிதியாக்கி நோயாளிகளுக்கு முட்டை வாங்கினார்கள். அப்படியும் அந்தப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள்.

அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிடித்து ஏற்றியும் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது குடிசை குடிசையாக மாண்டார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. போர்க்கைதிகளுக்கு ஒரு ராணுவ அமைப்பு இருந்தது. தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்தது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர்களைப் படிக்க முடிவது அதனால்தான். நம்மவர்களுக்காகக் குறுக்கே நிற்க அங்கே அதிகாரி இல்லை. பெயர் எழுதவும் ஆளில்லை.

1945ல் கிரிஃபித்ஸ் ஊர் திரும்பினார். போரில் பார்வை இழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிறுவனம் அவருக்கு மீண்டும் வாழக் கற்றுக்கொடுத்தது. மேடையில் பாடினார். விளையாட்டுகளில் இறங்கி, 1969ல் பிரிட்டனின் சிறந்த ஊனமுற்ற விளையாட்டு வீரராகத் தேர்வானார். மணம் புரிந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். 1993ல் டன்லப் இறக்கும்வரை இருவரும் நண்பர்கள்.

இத்தனை சாதித்தாரே, அதனால் டன்லப் செய்தது சரி என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் ஈட்டி பிடித்தவர்களின் கணக்கைத்தான் நாமும் போடுகிறோம்: பயன் இருந்தால் வாழலாம். பாண்டுங்கில் அந்தப் படுக்கையில் கிடந்தவர் பின்னால் பாடுவார், பரிசு வாங்குவார் என்று டன்லப்புக்குத் தெரியாது. அடுத்த வாரமே கிரிஃபித்ஸ் இறந்து போயிருக்கலாம். அப்போதும் குறுக்கே நின்றது சரியாகத்தான் இருந்திருக்கும்.