ஒரே ஆண்டில் 8,000 ஆய்வுக் கட்டுரைகள் வாபஸ்: காசுக்குக் கட்டுரை விற்பது யார்?

'பிரெஸ்ட் கேன்சர்' தெரியும். 'பூசம் பெரில்' தெரியுமா? அதுவும் மார்பகப் புற்றுநோய்தான்! சிரிப்பு வருதா? அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே இப்படி இருந்தது.

*இது எப்படி வந்தது?*
காப்பி அடித்தது சாஃப்ட்வேரில் மாட்டக் கூடாது என்று வார்த்தைகளை மாற்றிப்போடும் தந்திரம் இது. பிரான்ஸின் கியோம் கபனாக் குழு 2021-ல் இதை அம்பலப்படுத்தியது.

*யார் செய்வது?*
'பேப்பர் மில்' கும்பல்கள். காசு கொடுத்தால் கட்டுரை ரெடி. வேறொருவர் கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்ப்பார்கள்.

*பெரிய நிறுவனங்கள் ஏமாறுமா?*
ஏமாந்தன. ஹிந்தாவியை 2021-ல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது அமெரிக்காவின் வைலி. 2023-ல் மட்டும் ஹிந்தாவி இதழ்களின் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ். பெரும்பாலானவை, வெளி ஆசிரியர்கள் பொறுப்பேற்ற சிறப்பிதழ்களில் வந்தவை. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டது வைலி.

*ஓட்டை எங்கே?*
இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பல இதழ்களில் பணம் கட்டுவது கட்டுரையாளர்தான். கட்டுரையை ஏற்றால்தான் வருமானம். நிராகரித்தால் நஷ்டம். இன்னொரு பக்கம், பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள். இந்தியாவில் பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-ல் நீக்கியது.

*நமக்கென்ன?*
சிகிச்சை முடிவுகள் ஆய்வுகளை நம்பியே எடுக்கப்படுகின்றன. போலியை வாபஸ் வாங்குவதற்குள் பலர் அதை மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை 'ஆய்வில் தகவல்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' பட்டியலில் தேடிப் பாருங்கள். இலவசம்தான்.